ஈஸ்டரம்மா வீட்டில் ஐந்து நாள்

பாளையங்கோட்டையில் பதினோரு வருஷமாகப் பூகோள வாத்தியார் வேலை பார்த்துவந்தவன் நான். ஆப்பிரிக்காவின் ஆறுகளைப் பாராமலே கரும்பலகையில் வரைந்துவிடுவேன். ஆனால் வடக்கே திருச்சியைத் தாண்டிப் போனது கிடையாது. எங்கள் குடும்பத்துக்கு அதற்கு மேலே இருப்பதெல்லாம் வெளிநாடுதான். அப்படிப்பட்ட என்னை ஒரு மார்ச் மாதக் கடைசியில் தர்மபுரி ஜில்லாவுக்கு அனுப்பிவைத்தார்கள். சேலத்திலிருந்து பிரிந்து அது தனி ஜில்லாவாகிச் சில வருஷங்கள்தான் ஆகியிருந்தன. என் வகுப்புச் சுவரில் தொங்கிய வரைபடத்தில் அது இன்னும் பிரியவே இல்லை.

அனுப்பியவர் பெரியண்ணன். காரணம் எங்கள் அக்கா எஸ்தர். மாரண்டஹள்ளிப் பக்கம் அரசாங்க ஆஸ்பத்திரி நர்ஸாகப் போனவள், அங்கேயே மாதையன் என்ற விவசாயியைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். அவர் நம் சபைக்காரர் அல்ல, எந்தச் சபைக்காரரும் அல்ல. அப்பா ஒரு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு மனம் இறங்கி, “மாப்பிள்ளையோடு கிறிஸ்மஸுக்கு வா” என்று அவரே கடிதம் எழுதினார். வந்தார்கள். அந்த ஒரு கிறிஸ்மஸோடு சரி. அதன்பிறகு ஒன்பது வருஷமாக அவள் கிறிஸ்மஸுக்கு வரவில்லை. அம்மா இறந்தபோது தனியாக வந்து மூன்று நாள் இருந்துவிட்டுப் போனாள். ஒவ்வொரு டிசம்பரிலும் நாங்கள் கூப்பிட்டு எழுதுவோம். ஒவ்வொரு முறையும் ஒரே பதில் வரும்: “கிறிஸ்மஸுக்கு வர முடியாது. ஈஸ்டருக்கு எல்லோரும் இங்கே வாருங்கள்.”

ஈஸ்டருக்கு யார் ஊர் விட்டு ஊர் போவார்கள்? பள்ளிக்கூடங்களில் முழுப்பரீட்சை நெருங்கும். வெயில் கொளுத்தும். கேக் கிடையாது, நட்சத்திர விளக்கு கிடையாது, பாட்டுப் பாடி வீடு வீடாகப் போவது கிடையாது. நாற்பது நாள் கறி மீன் பார்க்காமல் இருந்துவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை கோழி அடித்துச் சாப்பிடுவதைக் குடும்பப் பண்டிகை என்று சொல்ல முடியுமா என்று பெரியண்ணன் கேட்பார். தாலுகா ஆபீஸ் தலைமை குமாஸ்தா அவர். எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸை நவம்பரிலேயே கோப்புப் போட்டு நடத்துகிறவர்.

அப்பாவுக்கு அப்போது எழுபத்தெட்டு. மாடிப்படி ஏறுவதை விட்டுவிட்டார். “பிள்ளைங்க மூணு பேரையும் ஒரே மேசையில ஒரு தடவை பாக்கணும்” என்று அந்த வருஷம் இரண்டு முறை சொல்லிவிட்டார். அதனால்தான் பெரியண்ணன் என்னைக் கூப்பிட்டார்.

“நீ போய் அவளச் சரிக்கட்டிட்டு வாடே. நீதான் சிரிக்கச் சிரிக்கப் பேசுவ. ஒன்னாலதான் முடியும்.”

என் மனைவி கட்டிக்கொடுத்த ஒரு தகர டின் நிறைய முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்குமாகக் கிளம்பினேன்.

புதன்கிழமை காலையில் தர்மபுரி பஸ் ஸ்டாண்டில் இறங்கினேன். எங்கள் ஊர் வெயிலுக்குப் பக்கத்தில் ஓர் ஆறு உண்டு. இந்த ஊர் வெயில் யார் துணையும் இல்லாமல் தனியாக நின்று வேலை பார்க்கிறது. ஒரு ஹோட்டலுக்குள் நுழைந்தேன். பரிமாறுகிறவர் வந்து நின்றார்.

“இட்லி இருக்குதுங்க, தோசை இருக்குதுங்க, பூரி தீந்துபோச்சுங்க.”

பூரி தீர்ந்துபோனதைக்கூட இவ்வளவு மரியாதையாக ஒருவர் என்னிடம் சொன்னதில்லை. பதினோரு வருஷத்தில் என் மாணவர்கள் மொத்தமாகக் கொடுத்த மரியாதையை அந்த மனிதர் இரண்டு இட்லி வைப்பதற்குள் கொடுத்துவிட்டார். எங்கள் பக்கம் ‘என்னவே வேணும்’ என்பதுதான் உபசாரம்.

மாரண்டஹள்ளி போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர் தர்மபுரியில் வளையல் வியாபாரம் செய்கிற ஒரு பாய். மடியில் இரண்டு, காலடியில் மூன்று என்று கண்ணாடி வளையல் பெட்டிகள். பஸ் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் பெட்டிகளோடு சேர்ந்து அவரும் எழும்பி உட்கார்ந்தார். நான் எங்கே போகிறேன், எதற்குப் போகிறேன் என்பதெல்லாம் அரை மணி நேரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. பஸ் பயணத்தில் குடும்ப ரகசியத்தைக் காப்பாற்றும் சாமர்த்தியம் எனக்கு இல்லை.

“எங்களுக்கும் பெருநாளு ரெண்டுதானுங்க சார்,” என்றார் பாய். “நோன்புப் பெருநாளுக்கு ஊரே வூட்டுக்கு வரும். வர்றவங்கள வாங்க வாங்கன்னு சொல்லியே பொழுது போயிரும். பக்ரீத்துக்கு மூணாம் நாளு எல்லாரும் ஓஞ்சதுக்கப்புறம் எந்தம்பிங்க வந்து ஒக்காருவாங்க. எனக்கு அன்னைக்குத்தானுங்க பெருநாளு.”

“அப்ப எங்க அக்கா சொல்றது சரிங்கறீங்களா?”

“நான் உங்க அக்காவப் பாத்ததில்லைங்களே. என் கதையச் சொன்னேன்.”

பாலக்கோட்டுக்கு முன்னால் பஸ்ஸின் முன்பக்கத்தில் ஏதோ அறுந்த சத்தம். பின் புகை. டிரைவர் இறங்கி மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அவர் பீடி பற்றவைத்த நிதானத்தைப் பார்த்ததும் விஷயம் பெரியது என்று புரிந்தது.

“எல்லாரும் எறங்கிக்கோங்க. பெல்ட்டு போயிருச்சுங்க,” என்றார் கண்டக்டர்.

சாலையோரப் புளியமரங்களின் நிழலில் சிதறி உட்கார்ந்தோம். நாலைந்து பேர் நீளமான கம்புகளால் கிளைகளை உலுக்கிப் பழம் உதிர்த்துக்கொண்டிருந்தார்கள். எங்கள் தலைமேலும் கொஞ்சம் உதிர்ந்தது. கண்டக்டர் பொழுதுபோகாமல் ஒவ்வொருவரிடமும் போய் எந்த ஊர், யார் வீடு என்று விசாரித்தார். நான் நர்ஸ் எஸ்தர் வீடு என்றேன்.

“யாருங்க, ஈஸ்டரம்மாங்களா?”

“எஸ்தர்.”

“அதானுங்க, ஈஸ்டரம்மா. எம்பொண்ணு ரெண்டு பேருக்கும் அவுங்கதான் பிரசவம் பாத்தாங்க. அவுங்க பேருலயே ஒரு நோம்பி வருதாமுங்களே. வருசம் தவறாம ஒரு ஞாயித்துக்கெழம ஆஸ்பத்திரிக்கு வர்றவங்களுக்கெல்லாம் முட்டாயி குடுப்பாங்க.”

நோம்பி என்றால் அந்தப் பக்கத்தில் பண்டிகை. எஸ்தர் வேறு, ஈஸ்டர் வேறு என்று விளக்கினேன். இயேசு உயிர்த்தெழுந்த நாள் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு டிரைவரிடம் போய், “சார் ஈஸ்டரம்மா தம்பிங்க. நோம்பிக்கு வந்திருக்காருங்க,” என்றார். என் பதினோரு வருஷ வாத்தியார் அனுபவம் அங்கே செல்லுபடியாகவில்லை.

இரண்டு மணி நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அந்த வழியாக வந்த தக்காளி லாரியில் பாயும் நானும் ஏறிக்கொண்டோம். காலிக் கூடைகள் என்றுதான் டிரைவர் சொன்னார். முழுக்கக் காலியில்லை என்பது இறங்கும்போது சட்டையைப் பார்த்ததும் தெரிந்தது.

அக்கா வாசலுக்கு ஓடி வந்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையைப் பார்த்தாள். மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.

“ஏல, எங்க அடிபட்டுச்சு?”

“தக்காளிக்கா.”

கையை விட்டாள். அப்புறம்தான் முகத்தைப் பார்த்தாள். அப்புறம்தான் அழுதாள். அம்மாவின் அடக்கத்துக்குப் பிறகு நாங்கள் பார்த்துக்கொள்வது அதுதான் முதல் தடவை.

அவள் மகள் கிருபாவுக்கு எட்டு வயது. என்னை அதுவரை பார்த்ததில்லை. மாதையன் அத்தான் உயரமான, சத்தமில்லாத மனிதர். “வாங்க மச்சான்,” என்று பையை வாங்கிக்கொண்டார். முந்திரிக்கொத்து டின்னை அக்கா திறந்து மோந்து பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைவரை தொடக்கூடாது என்று பரணில் ஏற்றிவிட்டாள். லெந்து என்கிற அந்த நாற்பது நோன்பு நாட்களில் அவள் இனிப்புச் சாப்பிடுவதில்லை. ஆகையால் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது.

இரவுச் சாப்பாட்டுக்குப் பழுப்பு நிறத்தில் ஓர் உருண்டை வந்தது. ராகிக் களி. சுற்றிலும் கீரைக் கடைசல். எங்கள் ஊரில் கேப்பை என்போம், கூழாகத்தான் பார்த்திருக்கிறேன். ஒரு வாய் எடுத்து மென்றேன். மென்றுகொண்டே இருந்தேன். அது குறையவில்லை.

“அப்பா, மாமா மெல்றாரு,” என்று அறிவித்தாள் கிருபா.

“முழுங்கணுங்க மச்சான். பல்லுக்கு அங்க வேலையே இல்லைங்க,” என்றார் அத்தான்.

விழுங்கினேன். உருண்டை எந்த வழியாக எங்கே போகிறது என்பதைக் கடைசிவரை உணர முடிந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, நான் வந்த காரியத்தைத் தொடங்கினேன்.

“அக்கா, அப்பா இந்தக் கிறிஸ்மஸுக்கு...”

“ஞாயித்துக்கிழமை பேசலாம்ல. லெந்து நாள்ல நான் சண்டை போடறதில்ல.”

முந்திரிக்கொத்தோடு என் பேச்சையும் பரணில் ஏற்றிவிட்டாள்.

வியாழக்கிழமை முழுக்கப் புளி. அத்தானின் வயலோரத்தில் ஆறு மரங்கள். காய்ந்த பழத்தைக் கூடத்தில் குவித்து, ஓடு உடைத்து, நார் உரித்து, கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டை எடுக்க வேண்டும். எல்லோரும் உட்கார்ந்தோம். கைக்கு வேலை இருந்ததால் வாய் சும்மா இருக்கவில்லை. சண்டைதானே கூடாது, வர்ணனை கூடாது என்று அக்கா சொல்லவில்லை. கிருபாவுக்குக் கதை சொல்வதுபோல எங்கள் வீட்டுக் கிறிஸ்மஸை எடுத்துவிட்டேன். மூங்கில் சிம்பு கட்டி வண்ணக் காகிதம் ஒட்டிய நட்சத்திரம். பேக்கரி அடுப்பில் கொடுத்துச் சுட்டு வாங்கும் கேக். எல்லோருக்கும் ஒரே துணியில் சட்டை. வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளிகள் மட்டும் நூறு பேருக்கு மேல்.

“அத்தன பேரு வந்தா நீங்க எப்ப மாமா சாப்புடுவீங்க?” என்று கேட்டாள் கிருபா.

“எல்லாரும் போனப்பறம்.”

“பெரிய மாமாவும் நீங்களும் ஒண்ணாவா?”

“இல்ல. அவரு ஆள அங்க இங்க அனுப்பிட்டு இருப்பாரு. நான் வாசல்ல நிப்பேன். கெடச்ச நேரத்துல சாப்பிடுவோம்.”

அவள் அதைப் பற்றிச் சற்று யோசித்தாள். பிறகு கொட்டையைத் தட்டிக்கொண்டே சாதாரணமாகக் கேட்டாள்.

“நீங்கதான் ஜோக் மாமாவா?”

எனக்குப் பெருமையாக இருந்தது. புகழ் இவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று. “யாரு சொன்னா?”

“அம்மா. நாலாவது சாஸ்திரின்னா யாரு மாமா? நீங்க சொன்ன ஜோக்காம். கேட்டா அம்மா சொல்ல மாட்டேங்குது.”

அக்கா எழுந்து அடுக்களைக்குள் போனாள். அத்தான் நார் உரிப்பதை நிறுத்தவில்லை.

எனக்கு எல்லாம் நினைவுக்கு வந்தது. ஒன்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் கிறிஸ்மஸில் புது மாப்பிள்ளையாக வந்த அத்தான் தோளில் ஒரு மூட்டையோடு வாசலில் நின்றார். மூன்று பஸ், ஒரு ரயில் மாறித் தூக்கி வந்த மூட்டை. கூடம் நிறையச் சபைக்காரர்கள் இருந்தார்கள். மூட்டையில் என்ன என்று யாரோ கேட்டார்கள். கேழ்வரகு என்றார் அவர். நான் உடனே சொன்னேன்: “பாலன் இயேசுவைப் பாக்க மூணு சாஸ்திரிங்க பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டுவந்தாங்க. இதோ நாலாவது சாஸ்திரி, கேப்பை கொண்டுவந்திருக்கார்.” கூடமே சிரிப்பில் இடிந்தது. அந்த மூன்று நாளும் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நாலாவது சாஸ்திரி சாப்பிட்டாரா, நாலாவது சாஸ்திரி குளித்தாரா என்றுதான் கேட்டார்கள். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். நான் அதை மறந்தே போனேன். பிறகு எத்தனையோ நகைச்சுவை சொல்லிவிட்டேன்.

கிருபாவிடம், “பெறகு சொல்றேன்,” என்றேன். அவள் விடுகிற பிள்ளையாகத் தெரியவில்லை.

பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேர ஆராதனை. பன்னிரண்டு குடும்பங்கள் கூடும் ஓட்டுக்கூரை ஜெபக்கூடம். மின்விசிறி கிடையாது. உபதேசியார் சைக்கிளில் வந்து, கால்சட்டைக் கிளிப்பைக் கழற்ற மறந்து, அதோடேயே சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளுக்கும் பிரசங்கம் செய்தார். அத்தான் உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் எல்லோருடைய செருப்புகளுக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒன்பது வருஷமாக அவர் இடம் அதுதான் என்று அக்கா சொன்னாள். “உள்ள வான்னு உபதேசியார் கூப்பிடுவாரு. வெளிய வாங்க, காத்து நல்லா வருதுன்னு இவரு கூப்பிடுவாரு. ரெண்டு பேருக்கும் நல்ல சிநேகம்.”

ஆராதனை முடிந்து அவள் காய்ச்சிய கஞ்சியைக் குடிக்கும்போது நான்தான் ஆரம்பித்தேன்.

“அக்கா, நான் வெளையாட்டுக்குத்தான்...”

“தெரியும்ல. ஒனக்கு எல்லாம் வெளையாட்டு. அது கெடக்கட்டும். நான் கிறிஸ்மஸுக்கு வராதது அந்தப் பேச்சுக்காக இல்ல.”

“பெறகு?”

அவள் கஞ்சியைக் கரண்டியால் கிண்டிக்கொண்டே இருந்தாள். “அந்தக் கேப்பை அவரு புதுசா வாங்கின நெலத்துல மொத வெளைச்சல். நல்ல மணியாப் பாத்துப் பொடைச்சு எடுத்துட்டு வந்தாரு. கிளம்புற அன்னைக்குக் காலைல தொழுவத்துப் பக்கம் முகம் கழுவப் போயிருக்காரு. தொட்டியில அது ஊறிட்டுக் கெடந்துருக்கு. மாட்டுக்கு.”

அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட உடனே சொல்லல. ரயில் திண்டுக்கல் தாண்டினதும் சிரிச்சுக்கிட்டே சொல்றாரு, ‘உங்க வூட்டு மாட்டுக்கு ராகி புடிச்சிருக்குதாட்டம்’னு. கோவமாச் சொல்லியிருந்தா நானும் கோவப்பட்டுட்டு அடுத்த வருஷம் வந்திருப்பேன். சிரிச்சுட்டுச் சொன்னாரு பாத்தியா, அதான் என்னால தாங்க முடியல.”

என் கையில் கஞ்சி ஆறிவிட்டது. அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். அந்த மூட்டையைத் தொழுவத்தில் கொண்டுபோய் வைத்தது நான். கேக் தட்டுகளை அடுக்க உக்கிராண அறையில் இடம் வேண்டும் என்று பெரியண்ணன் சொன்னார். நான் மூட்டையைத் தூக்கிப்போய் மாட்டுக்கொட்டிலில் சாய்த்து வைத்தேன். மாடு பார்க்கிறவர் அதைத் தீவனம் என்று நினைத்ததில் என்ன தப்பு? சொல்லிவிட்டேன். அக்கா என் கையிலிருந்த கஞ்சியை வாங்கிக் கீழே வைத்தாள்.

“எங்கிட்ட சொன்னது போதாது,” என்றாள். “அவருகிட்ட சொல்லு.”

சனிக்கிழமை அத்தான் புளியைக் கடையில் போட மாட்டுவண்டி கட்டினார். நானும் ஏறிக்கொண்டேன். அவர் ஓட்டினார். நான் புளி மூட்டைமேல் உட்கார்ந்து, எப்படித் தொடங்குவது என்று ஒரு மைல் யோசித்தேன். வாழ்நாளில் முதல்முறையாக என்னிடம் சொல்லுவதற்கு வேடிக்கையாக ஒன்றுமே இல்லை. ஆகவே உள்ளதை உள்ளபடி சொன்னேன். மூட்டையைத் தொழுவத்தில் வைத்தவன் நான்தான் என்றேன். மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் திரும்பவில்லை. மாட்டின் வாலை லேசாகத் தட்டினார்.

“நீங்க வெச்சதுன்னு எனக்குத் தெரியுமுங்க. தூக்கிட்டுப் போறப்ப பாத்தேன்.”

“பாத்தீங்களா? அக்காகிட்ட ஏன் சொல்லல?”

“தம்பி மேல உசுரு அவளுக்கு. அண்ணங்கிட்டக் கோவம் இருக்கட்டும், தம்பிகிட்ட இருக்க வேண்டாமேன்னு உட்டுட்டனுங்க.” கொஞ்ச தூரம் போனதும் அவரே தொடர்ந்தார். “அந்த ஜோக்கு நல்ல ஜோக்குங்க மச்சான். நானே இங்க நாலு பேத்துகிட்ட சொல்லிச் சிரிச்சிருக்கேன். ஆனா பாருங்க, அந்த நோம்பியில நூறு பேரு வர்றாங்க. நூறு பேத்துக்கு நடுவுல ஒரு மனுசன ஒருத்தரும் பாக்க முடியாதுங்க. பேருதான் மிஞ்சும். இந்த நோம்பியில ஆளு கொஞ்சம். அதுனாலதான் அவளுக்கு இது புடிச்சிருக்குது.”

“உங்களுக்கு?”

“எனக்கும் இதுதானுங்க. உங்க கிறிஸ்மஸு காலண்டரப் பாத்து வருது. இது நெலாவப் பாத்து வருது. பவுர்ணமி கழிஞ்ச ஞாயித்துக்கெழம. எங்க நோம்பியெல்லாம் அப்படித்தான வருது. உங்க அக்கா பாக்கறதுக்கு முன்னாடி நான் பஞ்சாங்கத்தப் பாத்துத் தேதி சொல்லிருவனுங்க.”

பூகோள வாத்தியாரான எனக்கு அதுவரை ஈஸ்டர் ஏன் நகர்கிறது என்று தெரியாது. தெரிந்ததுபோல் தலையாட்டினேன். அவர் முதுகைக் காட்டிக்கொண்டிருந்தும் எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். “தெரியாட்டிப் பரவாயில்லைங்க,” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நாலரைக்கு ஊருக்கு வெளியே கல்லறைத் தோட்டத்தில் ஆராதனை. மேற்கே நிலா இன்னும் இறங்கவில்லை. யாரிடமும் புதுத்துணி இல்லை. துவைத்த துணி, அவ்வளவுதான். முப்பது நாற்பது பேர். கிழக்கு வெளுத்ததும் உபதேசியார், “கிறிஸ்து உயிர்த்தெழுந்தார்,” என்றார். “மெய்யாகவே உயிர்த்தெழுந்தார்,” என்று சொன்னவர்களில் அத்தானின் குரலும் கேட்டது. இங்கே செருப்பு கழற்றும் இடம் என்று தனியாக இல்லாததால் அவர் கூட்டத்துக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தார். அக்காவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்காதே என்பதுபோல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு வீடு. நாட்டுக்கோழிக் குழம்பு, களி, பரணிலிருந்து இறங்கிய முந்திரிக்கொத்து. நான்கு பேரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். அக்காவும் உட்கார்ந்தாள், பரிமாற என்று நிற்கவில்லை. வேண்டியதைச் சட்டியிலிருந்து எடுத்துக்கொண்டோம். வாசலில் யாரும் கூப்பிடவில்லை. யாருக்கும் காப்பி போட வேண்டியிருக்கவில்லை. எலும்பைக் கடித்துக்கொண்டே மூன்று மணி நேரம் பேசினோம். அம்மா பாடும் தப்பான ராகத்தை அக்கா பாடிக் காட்டினாள். நான் களியை மெல்லாமல் விழுங்கினேன். கிருபாவுக்கு நாலாவது சாஸ்திரியின் கதையைச் சொன்னேன். முடிவில் மூட்டையைத் தொழுவத்தில் வைத்த முட்டாள் யார் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அந்தப் பகுதிக்குத்தான் அதிகமாகச் சிரித்தாள்.

முப்பத்தைந்து வயதில் எனக்கு ஒன்று உறைத்தது. எங்கள் வீட்டு எந்தக் கிறிஸ்மஸிலும் நான் என் அண்ணனோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை.

“இப்பப் பேசலாம்ல,” என்றாள் அக்கா. “கிறிஸ்மஸுக்கு வரணும்னு சொல்லத்தான வந்த?”

“இல்லக்கா. நாங்க எப்ப வரணும்னு கேக்க வந்தேன்.”

ஊருக்குத் திரும்பியதும் பெரியண்ணன் ஸ்டேஷனுக்கே வந்துவிட்டார். “ஒத்துக்கிட்டாளாடே?” என்றார். நான்தான் ஒத்துக்கொண்டுவிட்டு வந்திருக்கிறேன் என்றேன். அவருக்குப் புரிய ஒரு வாரம் ஆயிற்று. அப்பாவிடம் மூட்டைக் கதையை மறைக்காமல் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, “அந்த ஊருக்கு பஸ்ஸு நல்லா ஓடுமா?” என்று கேட்டார்.

பெல்ட்டைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

அடுத்த ஈஸ்டருக்கு ஒன்பது பேர் போனோம். பெரியண்ணன், அண்ணி, அவர்கள் பிள்ளைகள், நான், என் மனைவி, மகன், ஜன்னலோரம் அப்பா. பெரியண்ணன் ஈஸ்டருக்கும் ஒரு கோப்புப் போட்டிருந்தார். அதில் எழுதியிருந்த எதுவும் நடக்கவில்லை. ஆனால் பஸ் நின்றுபோகாமல் போய்ச் சேர்ந்தது.

விடியற்கால ஆராதனை முடிந்து வந்து எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். மேசை அந்த வீட்டில் கிடையாது. அப்பாவுக்கு மட்டும் நாற்காலி போட்டார்கள். அவர் அதை ஒதுக்கிவிட்டு, என் தோளையும் அண்ணன் தோளையும் பிடித்துக்கொண்டு மெல்லத் தரையில் உட்கார்ந்தார். ஒரு பக்கம் அக்கா, ஒரு பக்கம் பெரியண்ணன், எதிரே நான்.

அப்பாவின் சாப்பாட்டு ஜெபம் எங்கள் சபையில் பேர்போனது. இயேசுவில் தொடங்கி, முனிசிபாலிட்டி வரை எல்லோரையும் நினைத்து முடிவதற்குள் குழம்பில் ஆடை படிந்துவிடும். ஐம்பது வருஷமாக எந்தப் பண்டிகையிலும் அவர் அதை வேறு யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எல்லோரும் கண்ணை மூடினோம். சத்தம் ஒன்றும் வரவில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தேன். அப்பா, அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வீட்டுக்காரர் நீங்க,” என்றார். “நீங்க சொல்லுங்க.”

அத்தான் அக்காவைப் பார்த்தார். அவள் ஒன்றும் எடுத்துக்கொடுக்கவில்லை. அவர் வட்டமாக உட்கார்ந்திருந்த ஒவ்வொருவரையும் எண்ணுவதுபோல் பார்த்துக்கொண்டே வந்தார். பிறகு கைகூப்பினார்.

“எல்லாரும் வந்திருக்கீங்க,” என்றார். “சாப்புடுங்க.”

“ஆமென்,” என்றார் அப்பா.

இன்னும் வரும் என்று நினைத்துப் பெரியண்ணன் மட்டும் வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.